சீரு கொண்டு வாரோம்

காலை பதினொன்று பத்துக்குள் செண்பகவல்லி அறுபத்திரண்டு பேருடைய வெறுப்பைப் பார்த்து முடித்திருந்தாள். நாக்கை அறுத்துத் தெருவில் போடணும் என்று ஒருவன் எழுதியிருந்தான், மீறல். இந்தக் கூட்டத்தை ஒரே குழியில் தள்ளி மண்ணெண்ணெய் ஊற்றணும் என்று ஒருவன், மீறல். ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் முகத்தில் வட்டம் போட்டு, இங்கே அடித்தால் சத்தம் வராது என்று ஒருவன், மீறல். அவனுடைய முகப்புப் படத்தில் கைக்குழந்தை ஒன்று குல்லாய் போட்டுக்கொண்டு சிரித்தது. வேலை இதுதான். ஒரு தமிழ் அரட்டைத் தளத்தில் யாராவது ஒரு பதிவைக் காட்டி இது வெறுப்புப் பேச்சு என்று புகார் கொடுத்தால், அந்தப் புகார் எங்கெங்கோ சுற்றிப் பெருங்குடியின் இந்த நாலாவது மாடிக்கு வந்து அவள் திரையில் விழும். விழுந்ததும் வலது மூலையில் நாற்பத்தைந்து வினாடி ஓடத் தொடங்கும். ஒன்றை அழுத்தினால் மீறல், பதிவு போய்விடும். இரண்டை அழுத்தினால் மீறல் இல்லை, புகார் கொடுத்தவர் போய்விடுவார். மூன்று என்றால் மேலே அனுப்புவது; மூன்றை அதிகம் அழுத்துகிறவர்களை மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காது. அறைக்குள் செல்போன் கூடாது, பேனா கூடாது, துண்டுக் காகிதம் கூடாது. பக்கத்து நாற்காலி நிலோஃபருக்கு ஏழாவது மாதம்; வெளியிலிருந்து இந்த அறைக்குள் கொண்டுவர முடிந்தது இது ஒன்றுதான் என்று வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரிப்பாள். விதிப்புத்தகத்தில் அறுநூற்றுப் பதினான்கு கெட்ட வார்த்தைகள் இருந்தன. அறுப்பேன் என்றால் மீறல். அறுவடைக்கு நாள் பார்த்தாச்சு என்றால் மீறல் இல்லை, விவசாயம். வெட்டுவேன் மீறல், கிடாவெட்டு மீறல் இல்லை, பண்பாடு. விவரமானவன் எவனும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், விதிப்புத்தகத்துக்கு மட்டும் தெரியாது.

அறுபத்து மூன்றாவது விழுந்தது. ஒரு கல்யாணப் படம். பதிவுத் திருமணமாக இருக்கும், மாலை மட்டும்தான் பெரிதாக இருந்தது, பெண்ணின் புடவை சாதாரணம், பையனின் சட்டையில் மடிப்புக் கோடு கூடப் போகவில்லை. வாடகை வீட்டு வாசலில் நின்று எடுத்திருந்தார்கள். கனியமுதன் என்ற பெயரில் போட்டிருந்தார்கள், கனி அவள், அமுதன் அவன், இரண்டையும் சேர்த்து ஒரு பெயராக்கிக்கொண்ட சந்தோஷம். அதற்குக் கீழே வேறொருவர் எழுதிய ஒரு வரி. மாமன் சீரு கொண்டு வாரோம் தாயி. வாசலைப் பூட்டிராத. பின்னால் இரண்டு கும்பிட்ட கைகள், ஒரு ரோஜாப்பூ. புகாரில் மூன்றே சொல்: இது வாழ்த்து இல்ல. விரல் தானாக இரண்டின் மேல் போய் உட்கார்ந்தது. நாற்பத்தொன்று, நாற்பது. அழுத்தவில்லை. எங்கிருந்தோ புளி வாசனை வந்தது, குளிர்சாதனம் ஓடும் அறையில், சாப்பாட்டு டப்பா எதுவும் திறக்காத நேரத்தில், ஈரப் புளியின் வாசனை, கூடவே பித்தளையின் வாசனை. முப்பத்தாறு. படத்தில் பெண்ணின் தோளுக்குப் பின்னால் ஒரு நீலப் பலகை பாதி தெரிந்தது, மூன்றாவது குறுக்குத் தெரு, அதன் கீழே கோயில் பெயர், கதவுக்குக் காவி நிறம். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண் தெருப்பெயரைத்தான் படித்திருந்தது. படித்து, மனதில் போட்டும் வைத்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து இன்னொரு தெருப்பெயர் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பெரியப்பா மகள் தங்கபுஷ்பம் அக்கா, ஜெபராஜ் என்ற எலெக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. ஜெபராஜ் நம்ம ஆள் இல்லை. வீட்டில் யாரும் அக்கா பெயரைச் சொல்வதில்லை, ஆனால் எல்லோரும் மெதுவாகச் சாப்பிட்டார்கள், பெரியம்மா சாப்பிடவே இல்லை. செண்பகவல்லி மட்டும் டைப்ரைட்டிங் பரீட்சை என்று பொய் சொல்லிவிட்டு ஒரு தடவை பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்திருந்தாள். ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இரண்டாவது சந்து. அக்கா இட்லி வைத்தாள், தேங்காய்ச் சட்னியில் உப்பு கூடிப்போச்சு என்று அவளே சிரித்தாள். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கிலி மாமா வந்தார், பெரியம்மாவின் தம்பி, அக்காவைத் தோளில் தூக்கி வளர்த்தவர். சிரித்த முகம். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். “ஏ தாயி, அக்கா எந்தத் தெருவுல இருக்கா? கோவத்த எத்தன நாளைக்குப் பிடிச்சுட்டு இருக்க? தாய்மாமன் இல்லாம அவளுக்கு யாரு செய்வா? சீரு கொண்டு போறோம்லா.” செண்பகவல்லிக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். ஐஸ் கம்பெனி, இரண்டாவது சந்து. பச்சைக் கதவு மாமா, என்றாள். கதவின் நிறத்தை அவர் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். “உங்க வீட்டுத் தாம்பாளம் பெருசுல்லா, அதைத் தா” என்றார். அடுக்களைப் பரணிலிருந்து இறக்கி, புளி போட்டு, சாம்பல் போட்டு, முகம் தெரியும்படி தேய்த்துக் கொடுத்தாள். வாழைப்பழச் சீப்பு, தேங்காய், வெற்றிலை, அரக்குச் சேலை. சேலையை யாரோ பெரிதாக மடித்திருந்தார்கள். மடிப்புக்குள் என்ன இருந்தது என்று அவள் பார்க்கவில்லை, பார்த்திருக்கலாம், கை வைத்து அழுத்தியிருந்தால் கூடத் தெரிந்திருக்கும், ஏன் இந்தச் சேலை இவ்வளவு கனமாக இருக்கிறது என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியதா இல்லையா என்பதைப் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம். சீரை ஒற்றைக் கையால் வாங்கக் கூடாது. அக்கா வாசலுக்கு வந்து இரண்டு கையையும் நீட்டியிருக்கிறாள். முதல் வெட்டு இரண்டு மணிக்கட்டிலும் ஒரே கோட்டில் விழுந்திருந்தது என்று பிரேதப் பரிசோதனை டாக்டர் கோர்ட்டில் வாசித்தார். ஜெபராஜுக்குப் பதினாறு வெட்டு, அடுப்படியில், சாப்பிட்ட கையோடு.

பூஜ்யம் ஆகிவிட்டது. மூலை சிவந்து, வினாடிகள் இப்போது மேல்நோக்கி ஓடின, அது அவள் பெயரில் ஏறும் தாமதம். அவள் பழைய புகார்களைத் திறந்தாள். யாரும் திறக்காத இடம் அது, திறக்க வினாடி கிடைக்காது. கனி நாலு முறை புகார் கொடுத்திருந்தாள். முதல் புகார் ஒன்பது வரி: எழுதினது என் அம்மாவோட தம்பி, எங்களைத் தேடிட்டு இருக்காங்க, எங்க பக்கம் சீருன்னா இப்ப வேற அர்த்தம், ஸ்டேஷன்லயும் வாழ்த்துதானம்மா எழுதியிருக்காருன்னு சிரிக்காங்க. மீறல் இல்லை. இரண்டாவதில் நாலு வரி. மீறல் இல்லை. மூன்றாவதில் ஒரு வரி, தயவு செஞ்சு யாராவது முழுசாப் படிங்க. மீறல் இல்லை. இன்றைக்கு மூன்று சொல். ஒரு மனுஷி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை இழக்கிறாள் என்பதை அந்தத் தளம் தேதிவாரியாகப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தது. ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் முடிவெடுத்தவரின் எண். மூன்றாவதற்கு எதிரே 4417. செவ்வாய்க்கிழமை, மூன்று மணி எட்டு நிமிஷம், எடுத்துக்கொண்ட நேரம் ஆறு வினாடி. 4417 செண்பகவல்லியின் எண். கழுத்தில் தொங்கும் அட்டையிலும் அதுதான் இருந்தது. ஞாபகம் இல்லை, என்று முதலில் நினைத்தாள். செவ்வாய்க்கிழமை கணக்கில் இருநூற்றுச் சொச்சம் பார்த்தோம், எதை என்று ஞாபகம் வைப்பது. ஆறு வினாடியில் ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது. அப்படியானால் அன்று மத்தியானம் கழிவறைக்குப் போய்க் கையை ஏன் அவ்வளவு நேரம் கழுவினோம்? நிலோஃபர் கூடக் கேட்டாளே, என்ன செண்பா, சோப்பை முழுசாத் தீர்த்துட்டியான்னு. படித்திருக்கிறாள். சீரு என்ற சொல்லைப் பார்த்ததும் அது கண் முன்னால் நிற்கக் கூடாது என்று இரண்டை அழுத்தியிருக்கிறாள், காலில் ஏறிய பூரானை உதறுகிற மாதிரி. உதறியது எங்கே போய் விழுந்தது என்று பார்க்கவில்லை.

அவளுக்கு வெட்டணும் போல இருந்தது. அந்த ரோஜாப்பூவை, அந்தக் கும்பிட்ட கைகளை, இதை எழுதிய விரல்களை ஒவ்வொன்றாக அம்மியில் வைத்து. சங்கிலி மாமாவின் சிரிக்கிற வாயைக் காதுவரை கிழித்து அதற்குள் அந்தக் கடலைமிட்டாயைப் பொட்டலத்தோடு திணித்து. மனதுக்குள் ஓடிய எல்லாவற்றையும் எழுதினால் பதினோரு வார்த்தை பட்டியலில் மாட்டும், மீறல், மீறல், மீறல், என்று அவளே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். தன்னை என்ன செய்வது? தனக்குப் பட்டியலில் வார்த்தை கிடையாது. கோர்ட்டில் அவள் பதினோராவது சாட்சி. அக்கம்பக்கத்தார் எல்லோரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போன பிறகு அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். மாமாவின் வக்கீல் மென்மையான குரலில் கேட்டார். என்னம்மா சொல்லிக் கேட்டாரு? சீரு கொண்டு போறோம்னு. சிரிச்ச முகமா இருந்தாரா? ஆமா. தாம்பாளம் நீயே கொடுத்தியா? ஆமா. பழம், சேலை எல்லாம் இருந்ததா? இருந்தது. அவ்வளவுதாம்மா. எல்லாம் உண்மை, ஒரு சொல் கூடப் பொய் இல்லை. சமாதானமாகப் போகச் சீர்வரிசையோடு சென்றார்கள் என்பதைப் பதினோராவது சாட்சியே உறுதிப்படுத்துகிறார், அவர்கள் சீரை வைத்துவிட்டுத் திரும்பிய பிறகு வேறு யாரோ செய்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து, என்று தீர்ப்பு வந்தது. மாமாவை மாலை போட்டு அழைத்துவந்தார்கள். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண்ணாவது வெளியே காதலிக்கிறாள் என்று காதில் விழுந்தால், கல்யாண மண்டபத்துப் பந்தியில் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, என்ன மாப்ள, சீரு கொண்டு போவமா, என்று கேட்டுச் சிரித்தார்கள். கோர்ட்டே ஒப்புக்கொண்ட சொல் ஆயிற்றே. அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் எந்த வீட்டுத் திண்ணைப் பேச்சிலும் பிறக்கவில்லை, சாட்சிக் கூண்டில், அவள் வாயிலிருந்து பிறந்தது. தாம்பாளம் சான்றுப்பொருள் ஏழு. விடுதலைக்கு அப்புறம் திரும்பி வந்தது, அடியில் சிவப்புப் பெயின்டில் 7 என்று எழுதி. அம்மா அதில் வடகம் காயவைக்கிறாள்.

“செண்பகா, ஒரே புகார்ல ஒம்போது நிமிஷமா உக்காந்திருக்க. என்ன ஆச்சு?” ரெஜினால்ட் பின்னால் வந்து நின்றான். குழுவின் தலைவன், நல்லவன்தான், எந்த நேரமும் எதையாவது சரிசெய்துகொண்டிருக்கும் மனிதனின் களைப்பு முகத்தில் இருக்கும். அவள் திரையைக் காட்டினாள். அவன் வாசித்தான். “வாழ்த்துதானே?” “இல்ல.” “மாமன் சீர்னா எங்க அக்கா கல்யாணத்துக்குக் கூட வச்சாங்களே.” “இது அது இல்ல. கொலை மிரட்டல்.” ரெஜினால்ட் இன்னொரு தடவை வாசித்தான். “சரி, மூணு போட்டு அனுப்பு. ஆனா வட்டார விளக்கம் எழுதணும், ஆதாரம் வைக்கணும். பேப்பர் செய்தி, ஏதாவது லிங்க். ஆதாரம் இல்லாம அனுப்பினா மேல பத்து நிமிஷத்துல இரண்டாக்கி அனுப்பிருவாங்க, உனக்குத்தான் மார்க் போகும்.” ஆதாரம். உலகத்தில் இந்தச் சொல்லுக்கு எழுத்தில் இருக்கிற ஒரே ஆதாரம் அந்தத் தீர்ப்பு, அதில் சீர் என்றால் சீர்தான். அகராதியில் தேடினாலும் வரிசை, வெகுமானம், சிறப்பு என்றுதான் இருக்கும். இந்த அர்த்தத்தை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, எழுதாமல் இருப்பதுதானே அதன் பலம். “லிங்க் இல்ல ரெஜி” என்றாள். “அப்ப எப்படித் தெரியும்?” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “எங்க வீட்ல தெரியும்” என்றாள். அவன் தன் மேசைக்குத் திரும்பிப் போனான். நிலோஃபர் தட்டச்சு செய்வதை நிறுத்தியிருந்தாள்.

எழுதத் தொடங்கினாள். வட்டார விளக்கம்: கோவில்பட்டி சுற்றுப்பகுதியில் சாதி மாறித் திருமணம் செய்த பெண்ணிடம் சீர் கொண்டு வருகிறோம் என்று சொன்னால் கொல்ல வருகிறோம் என்று பொருள். வாசலைப் பூட்டாதே என்பதும் மிரட்டலே. படத்தில் தெருப்பெயரும் கதவும் தெரிகின்றன, உடனே மறைக்கச் சொல்லுங்கள், பாதுகாப்புக் குழு புகார்தாரரிடம் இன்றே பேச வேண்டும். இதுவரை விரல் ஓடியது. ஆதாரம் என்ற கட்டத்தில் நின்றது. ஆவணியில் அவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை நம்ம ஆள்தான், வீடு பார்த்தபோது வீட்டுக்காரர் கேட்டதும் அதுதான், ரயிலில் எதிர் இருக்கைக்காரர் கேட்டதும் அதுதான், ஊர் எது, எந்தத் தெரு, பிறகு குரலைத் தணித்துச் சிரித்துக்கொண்டே, நம்ம ஆளுங்களா. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் சொன்னாள், சங்கிலி மாமாதான் முன்ன நின்னு எல்லாம் செய்வாரு, தாலியை நம்ம வீட்டுத் தாம்பாளத்துலயே வச்சிருவோம், அதான் பெருசு. சரிம்மா என்றாளே. சரிம்மா என்று எப்படிச் சொன்னாள்? அந்தத் தாம்பாளத்தைப் பந்தலில் ஒவ்வொருவரிடமாக நீட்டுவார்கள், எல்லோரும் தொட்டுக் கும்பிடுவார்கள், அடியில் 7 என்று இருப்பது தூக்கிப் பிடிக்கிறவனுக்கு மட்டும் தெரியும். இந்தக் கட்டத்தில் எழுதுவது எங்கே போகும், யார் படிப்பார்கள், மேலே இருக்கிறவர்களில் நம்ம ஆள் ஒருத்தன் இருந்தால்? இருப்பான், எங்கேதான் இல்லை. ஒரு போன் போதும் அவனுக்கு. சங்கிலி மாமா சிரித்த முகத்தோடு பெருங்குடிக்கு வருவார், நாலாவது மாடி, கண்ணாடிக் கதவு. அவளுடைய மணிக்கட்டுகள் விசைப்பலகையின் விளிம்பில் இருந்தன, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், நீட்டினபடி. பத்து வருஷத்துக்கு முன்னால் கூண்டில் நின்று சொன்னதை இப்போது திருத்த ஒரு கட்டம் கொடுத்திருக்கிறார்கள், இருநூறு எழுத்துக்குள். ஆதாரம் என்ற இடத்தில் வழக்கு எண்ணைப் போட்டாள், அவளுக்கு அது மனப்பாடம். பிறகு எழுதினாள்: அந்த வழக்கின் பதினோராவது சாட்சி நான். சீர் என்று நம்பித் தெருவும் கதவின் நிறமும் நான்தான் சொன்னேன். இருவரும் இறந்தார்கள். பா. செண்பகவல்லி. மூன்றை அழுத்தினாள்.

ரெஜினால்டின் மேசைக்குப் போனது. அவன் படிப்பது தூரத்திலிருந்து தெரிந்தது, திரையில் இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தான். எழுந்து வருவான், ரிவ்யூ பண்றவங்க பேரை எழுதக் கூடாதுன்னு ரூல் இருக்கே என்பான் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவள் பக்கம் திரும்பாமலே எதையோ அழுத்தினான், பிறகு மேசைத் தொலைபேசியை எடுத்து யாரிடமோ ஆங்கிலத்தில், இல்லை, சாயங்காலம் வரைக்கும் முடியாது, இப்பவே, என்று சத்தம் போட்டான். அந்த அறையில் அவன் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அறுபத்து நாலாவது விழுந்தது, எரிக்கணும் என்று ஒருவன், மீறல். அறுபத்தைந்து, மீறல். எழுபது, எழுபத்தொன்று. மாமன் சீரு வரி திரையை விட்டுப் போய்விட்டது என்று ஒரு பச்சைக் குறி வந்தது. பதிவு நீக்கப்பட்டது, காரணம்: மறைமுகக் கொலை மிரட்டல். போனது பதிவுதானே, மாமன் அங்கேயேதான் இருப்பான், அவன் அரிவாளை விதிப்புத்தகத்தில் வைத்து நீக்க முடியாது, இந்நேரம் அந்த நீலப் பலகையை எத்தனை பேர் படித்து மனதில் போட்டிருப்பார்கள். காவிக் கதவு. பச்சைக் கதவு. இரண்டாவது சந்து, மூன்றாவது குறுக்கு. கனி, கதவைத் திறக்காதே. யார் பழம் கொண்டு வந்தாலும், உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனே கொண்டு வந்தாலும், கையை நீட்டாதே.

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது திரையின் அடியில் மஞ்சள் பட்டை ஒன்று எழுந்தது. புகார்தாரர் கருத்து. எங்கள் சேவை திருப்தியா என்று தளம் தானாகக் கேட்கும், யாராவது நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார்கள், பெரும்பாலும் ஒன்று. கனி நட்சத்திரம் எதுவும் போடவில்லை. எழுதியிருந்தாள். ‘படத்தை எடுத்துட்டோம். உங்க ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாங்க. இப்பவே வீட்டக் காலி பண்ணிட்டுப் போறோம். மூணு தடவை யாருக்கும் புரியல. இந்தத் தடவை மட்டும் எப்படிப் புரிஞ்சுச்சு? பாத்தது யாரு? நீங்க நம்ம ஆளா?’ செண்பகவல்லி கடைசி வரியை மறுபடி படித்தாள். ஆயுசு முழுக்க எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டே, பதில் ஆமாம் என்று வந்தால் தண்ணீர் கொடுப்பதற்காக, வீடு கொடுப்பதற்காக, பெண் எடுப்பதற்காக. பயந்துபோய் ஒருவர் கேட்டு இப்போதுதான் பார்க்கிறாள். சீர் என்றால் என்ன என்று தெரிந்த ஆள் வேறு யாராக இருக்க முடியும்? அந்தப் பெண் சரியாகத்தான் கேட்கிறாள். கையில் மூட்டையைக் கட்டிக்கொண்டே, தன்னைக் காப்பாற்றியவள் எந்த வீட்டுக்காரி என்று பயப்படுகிறாள், எங்கே போகிறோம் என்பதை எழுதாமல் விட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. பதில் எழுதக் கட்டம் எதுவும் இல்லை. மூடு என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது.

“ஆமா தாயி” என்று செண்பகவல்லி திரையைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாள். “வாசலைப் பூட்டிக்கோ.” நிலோஃபர் என்ன என்று திரும்பிப் பார்த்தாள். அவள் மூடு என்பதை அழுத்தினாள்.